அறியப்படாத ஆற்றலும் நம் கடமையும்

திறமை மிக்க ஒருவர் வாழ்நாள் முழுதும் உழைக்கிறார்; உலகமோ அவரைத் திரும்பிப் பாராமலே இருந்துவிடுகிறது. அவர் மனம் நொந்து நம்மிடம் பேசும்போது நாம் என்ன விடை கூறுகிறோம்? பெரும்பாலும், "எல்லாம் அவரவர் வினைப்பயன், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அறநூல் ஒப்பிய சொல்லைத்தானே சொன்னோம் என்று நம் மனமும் அமைதி கொள்கிறது. அது உண்மையிலேயே அருகப்பெருமான் அருளிய அறம் கூறும் விடைதானா? அன்றி, அறத்தின் சொல்லைக் கொண்டு நம் கடமையை நாம் மறைத்துக்கொள்கிறோமா? இவ்வினாவை இங்குச் சிறிது ஆராய்வோம்.

இவ்வினா நமக்கு எழுந்த இடம் கள்ளக்குறிச்சி. நம் இல்லத்துப் பூசை மாடத்துக்கு மரத்தில் செதுக்கிய முகப்பு ஒன்று வாங்க அவ்வூருக்குச் சென்றிருந்தோம். முதியவர் ஒருவர் தாம் செய்து வைத்திருந்ததைக் காட்டினார். கொடியும் இலையும் ஒன்றையொன்று தழுவி மேலேறி, உச்சியில் ஒரு தாமரையில் சென்று ஒடுங்கும் வேலைப்பாடு. ஓரிடத்திலும் உளி தடுமாறிய அடையாளம் இல்லை. நாம் அதனைப் பார்த்த நேரம் சிறிது. விலை பேசிய நேரம் பெரிது. இறுதியில் அவர் கேட்டதில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டு மகிழ்ச்சியோடு திரும்பினோம். சில மாதங்கள் கழித்து வந்த உறவினர் ஒருவர் அதனைக் கண்டு வியந்து, "இதனைச் செய்தவர் யார்? நாமும் ஒன்று சொல்லி வைக்கலாமே" என்றார். விலை நம் நினைவில் இருந்தது. பெயர் இல்லை. அவரது பெயரை நாம் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது.

கள்ளக்குறிச்சி 2019ஆம் ஆண்டு தனி மாவட்டம் ஆயிற்று. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழத்தக்க செய்தியே. எனினும் அக்குறியீடு ஊருக்குப் பெயர் தருகிறது. உளி பிடித்த கைக்குப் பெயர் தருவது அதன் வேலை அன்று. அது வாங்குவோராகிய நம் வேலை. அதனை நாம் செய்யவில்லை.

விலை போகாத முத்துக்கள்

திறமை அறியப்படாத துயரைத் தாமே வாய்விட்டுச் சொன்னவர்கள் மிகச் சிலர். அவர்களுள் ஒருவர் சீன நாட்டு ஓவியர் சூ வெய். சீனத்தில் ஓவியம், கவிதை, எழுத்துக்கலை ஆகிய மூன்றும் ஒரே தூரிகையின் தொழில்களாகக் கருதப்பட்டன. ஓவியர் தாளில் வெற்றிடம் விட்டு, அங்கே தாமே ஒரு பாடல் இயற்றித் தம் கையாலேயே எழுதுவார். படம் சொல்லாததைப் பாடல் சொல்லும். பாடல் சொல்லாததைப் படம் சொல்லும்.

மிங் அரச மரபின் காலத்தில் வாழ்ந்த சூ வெய் (1521-1593) கவிஞர், நாடக ஆசிரியர், எழுத்துக்கலைஞர், ஓவியர் என்று பல துறைகளில் வல்லவர். ஆயினும் அரசுப் பதவிக்கு வழியான மாகாணத் தேர்வில் எட்டு முறை தோல்வியுற்றார். அவரை ஆதரித்த அதிகாரி சிறைப்பட்டபின் அவர் மனம் பிறழ்ந்தது. அந்நிலையில் தம் மனைவியைக் கொன்று, ஏறத்தாழ ஏழாண்டுகள் சிறையில் கிடந்தார். முதுமையில் வறுமையே துணையாயிற்று. அவர் கருமையை மட்டும் கொண்டு வரைந்த திராட்சைக் கொடி ஒன்று இன்றும் பீஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் எழுதிய பாடலில், பாதி வாழ்நாள் வீழ்ந்து கிடந்து கிழவனாகிவிட்ட தம்மை அவர் காட்டுகிறார். தம் தூரிகையில் பிறந்த கனிகளை முத்துக்கள் என்கிறார். அவற்றை விற்க ஓர் இடமில்லை. காட்டுக்கொடிகளுக்கு நடுவே எறிந்துவிட்டேன் என்பது அப்பாடலின் கருத்து.

அவர் இறந்து சில ஆண்டுகளுக்குப் பின் யுவான் ஹோங்தாவ் என்னும் எழுத்தாளர் நண்பர் ஒருவர் வீட்டில் தங்கியிருந்த இரவில், அலமாரியில் கிடந்த ஒரு நூலைத் தற்செயலாக எடுத்தார். மோசமான அச்சு, மங்கிய எழுத்து. விளக்கருகே கொண்டுசென்று சில பக்கங்கள் படித்ததும் வியப்பால் கூவிவிட்டார். அந்நூல் சூ வெய் எழுதியது. பின்னர் அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதி உலகறியச் செய்தவரும் யுவானே. எட்டுத் தேர்வுகளில் அறியப்படாத ஆற்றலை ஒருவர் ஓர் இரவில் அறிந்துகொண்டார். ஆற்றல் அன்றும் அதுவே, கண்தான் வேறு.

அதே சீனத்தில் அவருக்கு முன் வாழ்ந்த வாங் மியன் (மறைவு 1359) என்பவர் ஒரு பூங்கொம்பை மையால் வரைந்து, தம் மலரின் வண்ணத்தைப் பிறர் புகழ வேண்டுவதில்லை, தூய மணம் உலகில் நிறைந்தால் போதும் என்னும் கருத்தில் பாடினார். ஒருவர் புகழ் வராமையால் புலம்பினார். மற்றவர் புகழே வேண்டாம் என்றார். நம்மவர் இரண்டாமவரையே உயர்த்திப் பேசுவர். அதுவே முறையெனத் தோன்றும். ஆனால் பார்ப்பவராகிய நாம் செய்ய வேண்டியது என்ன என்பதை இவ்விருவர் பாடலும் நமக்குச் சொல்லவில்லை. அதைச் சொன்ன குரல் நம் மாவட்டத்திலேயே எழுந்தது.

கோவலூரில் எழுந்த குரல்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் பெண்ணையாற்றின் கரையில் உள்ள திருக்கோவலூரே சங்க காலத்தில் மலையமான் திருமுடிக்காரியின் ஊர். காரி கடையெழு வள்ளல்களுள் ஒருவன். வந்தவர்க்கெல்லாம் அள்ளிக் கொடுத்தவன். அவனிடம் கபிலர் பாடிய பாடல் ஒன்று புறநானூற்றில் உள்ளது. அது அவன் கொடையைப் புகழவில்லை. நாற்றிசையிலிருந்தும் பரிசில் நாடிப் பலர் வருகின்றனர். நிறையக் கொடுப்பது எளிது, அவரவர் தகுதியை அறிவதே அரிது. ஆதலின் புலவர் அனைவரையும் ஒரே கண்ணால் பார்ப்பதை விடுக என்று அறிவுறுத்துகிறது. கஞ்சனிடம் கூறிய அறிவுரை அன்று இது, வள்ளலிடம் கூறியது. கொடுக்கும் கை விரிந்திருந்தும் அறியும் கண் மூடியிருக்கக்கூடும் என்பதைக் கபிலர் கண்டார்.

காரியைப் போரில் வென்று கோவலூரைக் கைக்கொண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவனிடமும் இதே குறை ஒருமுறை நேர்ந்தது. பரிசில் தரக் காலம் நீட்டித்தபோது ஔவையார் அவன் வாயிற்காவலனை நோக்கிப் பாடினார். உன் தலைவன் தன்னையும் அறியவில்லையா, என்னையும் அறியவில்லையா என்று வினவினார். மரம் வெட்டும் தச்சனின் கைவல்ல சிறுவர் கோடரியோடு காடு புகுந்தால் அவர்க்கு மரம் கிடையாமற் போகாது. அதுபோல் கலை வல்லார்க்கு எத்திசையிலும் சோறு உண்டு என்று கூறி யாழைச் சுருட்டிக் கட்டப் புறப்பட்டார். கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே கல்வராயன் மலைக்காடுகளை நோக்கும்போதெல்லாம் நமக்கு அத்தச்சச் சிறுவரின் நினைவு வருகிறது. இன்று அச்சிறுவரின் தொழில்வழி வந்தோரிடம் கையும் உளியும் உள்ளன. எத்திசையிலும் சோறு உண்டு என்னும் உறுதிதான் ஔவையாருக்கு இருந்ததுபோல் இல்லை.

திருக்கோவலூருக்கு அண்மையில் ஜம்பை என்னும் ஊரில் ஒரு குகைத்தளம் உண்டு. அதில் 1981ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சி அப்பாழியை ஈந்ததாகக் கூறுகிறது. பாழி என்பது துறவோர் உறைவிடம். அது சமண முனிவர்க்கு அளித்தது என்பர் அறிஞர் பலர். ஈந்தவன் பெயர் கல்லில் நின்றது. அங்கே உறைந்த முனிவரின் பெயரும் இல்லை. எழுத்தைப் பொறித்தவனின் பெயரும் இல்லை. இவ்விரண்டு இன்மையும் ஒன்றுதானா? இதனைக் கடைசியில் பார்ப்போம்.

இரு வேறு வினைகள்

இனி நம் ஆகமம் கூறுவதைக் காண்போம். ஒருவரிடம் அறிவும் கலைத்திறமும் விளங்குவதற்குக் காரணம் ஞானாவரணீயம் முதலிய வினைகளின் க்ஷயோபசமம். ஒருவருக்குப் புகழ் உண்டாவதற்குக் காரணம் நாமவினையின் 93 உட்பிரிவுகளுள் ஒன்றாகிய யசஸ்கீர்த்தி. பொருட்பேறு தடைப்படுவதற்குக் காரணம் அந்தராய வினை ஐந்தனுள் ஒன்றாகிய லாபாந்தராயம். மூன்றும் மூன்று வேறு வினைகள். ஒன்றன் நிலை மற்றொன்றைக் கட்டாயப்படுத்துவதில்லை.

இதன் பொருளைச் சற்றே ஆழ்ந்து நோக்குவோம். புகழ் பெற்றவர் என்பதால் ஒருவர் திறமை உடையவர் ஆகிவிடார். புகழ் பெறாதவர் என்பதால் திறமை அற்றவரும் ஆகிவிடார். "உண்மையான திறமை எப்படியும் வெளிப்பட்டே தீரும், வெளிப்படவில்லை என்றால் அங்கே சரக்கு இல்லை" என்று நாம் எளிதாகப் பேசுகிறோமே, அப்பேச்சுக்கு நம் வினைக்கோட்பாட்டில் இடமே இல்லை. சூ வெய்யின் எட்டுத் தோல்விகளும் அவர் கலைக்கு எதிரான சான்று ஆகமாட்டா. கள்ளக்குறிச்சிச் சிற்பியின் சிறிய வருவாய் அவர் உளியை அளக்கும் கோல் ஆகாது.

அறியப்படாதவர் தம் துயரை எவ்வாறு கொள்ள வேண்டும் என்பதையும் நம் நூல்கள் கூறாமல் விடவில்லை. முனிவர் வெல்ல வேண்டிய 22 பரிஷஹங்களுள் 19ஆவது சத்காரபுரஸ்காரம். அதாவது மதிப்பும் முதன்மையும் பற்றிய இடர். பசி, தாகம், குளிர், வெப்பம் ஆகியவற்றோடு இதனையும் ஒரே வரிசையில் வைத்தார் உமாஸ்வாமி. மதிப்பின்மையும் பசியைப்போல் வலிப்பதே என்பதை அவர் அறிந்திருந்தார். இதற்கு உரை கண்ட பூஜ்யபாதர் ஸர்வார்த்தசித்தியில், முனிவர் உள்ளத்தில் எழக்கூடிய நினைவையே எடுத்துக் காட்டுகிறார். நெடுநாள் நோன்பு நோற்றேன், தம் சமயமும் பிறர் சமயமும் கற்றேன், வாதில் பலமுறை வென்றேன், என்னை ஒருவரும் வணங்கவில்லையே என்னும் நினைவு அது. அத்தகைய நினைவுக்கு இடந்தராதவரே இந்த இடரை வென்றவர். முற்றும் துறந்தாரையும் தொடரும் நினைவு என்றால், ஓர் ஓவியர் அதற்கு ஆட்பட்டதில் நாம் நகைப்பதற்கு என்ன இருக்கிறது?

மற்றொன்றும் கருதத்தக்கது. 19ஆவதற்கு அடுத்து 20ஆவதாக நிற்பது பிரஜ்ஞா பரிஷஹம். அறிவினால் வரும் செருக்கு. என்னை யாரும் அறியவில்லையே என்னும் துயரும், என்னைப்போல் அறிந்தவர் யார் என்னும் செருக்கும் அண்டை வீட்டார். ஆதலின் திறமையுடையவர் தம் துயரைத் தாமே காவல் செய்தல் வேண்டும். மானமும் குரோதமும் அத்துயரின் வழியாக உள்ளே நுழையும்.

மறைப்பவர்க்கு வரும் வினை

இதுகாறும் கூறியவை திறமையுடையவர்க்கு உரியவை. பார்ப்பவர்க்கு உரியதை நாம் பெரும்பாலும் படிக்காமல் கடந்துவிடுகிறோம். தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் நீசகோத்திர வினை எவற்றால் வந்து பற்றும் என்று கூறப்படுகிறது. பிறரை இகழ்தல், தம்மைப் புகழ்தல், பிறரிடம் உள்ள குணத்தை மறைத்தல், தம்மிடம் இல்லாத குணத்தை வெளிப்படுத்தல் ஆகியவையே அவை. மூன்றாவதை மீண்டும் நோக்குக. உள்ள குணத்தை மறைத்தல்! பொருளைத் திருடினால் மட்டுமன்று, பிறர் பெருமையை மூடி வைத்தாலும் வினை வரும்; அது மூடியவரையே பற்றும்.

இவற்றுக்கு மாறானவையும், பணிவும், செருக்கின்மையும் உயர்கோத்திரத்துக்குக் காரணம் என்கிறது அடுத்த சூத்திரம். ஏழாம் அத்தியாயமோ நான்கு பாவனைகளைக் கூறுகிறது. எல்லா உயிரிடத்தும் மைத்திரி, துன்புறுவாரிடம் காருண்யம், நெறி கொள்ளாதாரிடம் மாத்யஸ்தம், குணத்தால் மிக்காரிடம் பிரமோதம், அதாவது உவகை. துன்பம் கண்டு இரங்குவது நமக்கு ஓரளவு கைவந்திருக்கிறது. பிறர் சிறப்புக் கண்டு உவப்பது இன்னும் கைவரவில்லை. நற்காட்சியின் அங்கங்களுள் ஒன்றாகிய உபகூகனம் பிறர் குறையை மறைக்கச் சொல்கிறது. நாமோ குறையைப் பறைசாற்றிக் குணத்தை மறைக்கிறோம்.

"புகழ்ந்தால் செருக்கு வளருமே, புகழாமல் இருப்பதே அவருக்கு நன்மை அன்றோ?" என்று சிலர் கேட்பர். செருக்கை அடக்குவது அவர் கடமை. அதற்காகக் குணத்தை மறைக்கும் உரிமை நமக்கு வந்துவிடாது. மேலும், தகுதியறிந்து கூறும் மெய்யான சொல் வேறு, முகமன் வேறு. அனைவரையும் ஒன்றுபோல் புகழ்வதும் கபிலர் கடிந்த அதே பொதுநோக்கே ஆகும். ஒரு சிற்பத்தை நின்று பார்த்து, இன்ன இடம் இன்ன காரணத்தால் சிறந்தது என்று சொல்வதற்கு உழைப்பு வேண்டும். அவ்வுழைப்பைத் தர மனமில்லாதபோதுதான் நாம் அவருடைய செருக்கைப் பற்றிக் கவலைப்படுகிறோம்.

இப்போது முதல் வினாவுக்கு விடை கிடைக்கிறது. "எல்லாம் என் வினை" என்பதைத் திறமையுடையவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டால் அது மருந்து. அதே சொல்லை அவரைப் பார்த்து நாம் சொன்னால் அது புண்ணில் இட்ட கோல். சொல் ஒன்றே, நயம் வேறு. அநேகாந்தம் கற்ற நாம் இவ்வேறுபாட்டை மறக்கலாகாது. அவருடைய முன்வினை பயன் தருவது உண்மையாகவே இருக்கட்டும். அதற்குக் கருவியாக நின்று புதுவினை ஈட்டிக்கொள்வது நாமாக ஏன் இருத்தல் வேண்டும்?

நோன்பும் பட்டினியும்

ஜம்பைக் குகைக்கு மீண்டும் வருவோம். அங்கே உறைந்தோர் பெயர் இல்லாமைக்கும், பொறித்தவன் பெயர் இல்லாமைக்கும் உள்ள வேற்றுமையை நம் சமூகத்தவர்க்கு விளக்குவது எளிது. உண்ணாநோன்பு இருப்பவரும் உண்ணவில்லை. பட்டினி கிடப்பவரும் உண்ணவில்லை. வயிற்றின் நிலை இருவர்க்கும் ஒன்றே. ஆயினும் பசித்து வந்தவரிடம் நோன்பின் பெருமையைக் கூறி அன்னத்தை மறுக்கும் சிராவகர் நம்மில் ஒருவரும் இலர். பெயரைத் துறத்தல் நோன்பு. பெயர் மறுக்கப்படுதல் பட்டினி.

நாலடியார் தோன்றியதாக வழங்கும் வரலாறு நாம் அறிந்ததே. பாண்டியன் விடைகொடுக்க மனம் ஒப்பாதபோது, முனிவர் ஒவ்வொருவரும் ஒரு வெண்பா எழுதி இருக்கையின்கீழ் வைத்துவிட்டு இரவோடு இரவாகச் சென்றனர். சினந்த மன்னன் ஏடுகளை வையையில் எறிவித்தான். அவற்றுள் 400 பாடல்கள் நீரை எதிர்த்து வந்தன என்பர். அம்முனிவர் தம் பெயரைத் தாமே விட்டுச் சென்றவர், அது நோன்பு. அவர்களை வணங்குகிறோம். ஆனால் மன்னன் ஏட்டை ஆற்றில் எறிந்தது நோன்பு ஆகுமா? எறிந்தவனை அக்கதை சொல்லும் எவரும் புகழ்வதில்லை.

உலகம் அறியாமை என்பது இன்னதென்று நம் சமூகமே பட்டு உணர்ந்திருக்கிறது. சீவக சிந்தாமணியை நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக ஏட்டில் காத்தும் சிரவணம் செய்தும் வந்தனர்; வெளியில் கற்றோர் பலரும் அதன் பெயரையே மறந்திருந்தனர். 1880ஆம் ஆண்டு சேலம் இராமசுவாமி முதலியார் அதனைப் படித்ததுண்டா என்று உ. வே. சாமிநாத ஐயரை வினவினார். ஐயர் கும்பகோணத்துச் சைன அன்பர்களின் வீடு தேடிச் சென்று ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். 1887இல் நூல் அச்சில் வந்தது. சூ வெய்யின் நூலுக்கு யுவான் ஹோங்தாவின் விளக்கு எதுவோ, சிந்தாமணிக்கு அவ்வினா அது. கேட்கும் ஒருவரால் எத்துணை ஒளி உண்டாகிறது என்பதை அனுபவித்த நாம், பிறருக்கு அவ்வாறு கேட்பவராக இருத்தல் கடன் அன்றோ?

இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருநறுங்கொண்டையில் பாறையில் எழுந்தருளியுள்ள அப்பாண்டைநாதரின் முன் நிற்கும்போது, அரவின் படம் விரிந்த அத்திருமேனியைக் கல்லிலிருந்து வெளிக்கொணர்ந்த கையை ஒரு கணம் நினைப்போம். அக்கைக்கு உரியவர்க்கு இனி நாம் செய்யத்தக்கது ஒன்றும் இல்லை. இன்று உயிரோடு இருப்பவர்க்குச் செய்யலாம். ஜினாலயத் திருப்பணிக் கல்லில் பொருள் ஈந்தோர் பெயரோடு சிற்பியின் பெயரையும், அவர் இசைந்தால், பொறிக்கலாம். படி எடுத்தவர், பாடல் கற்பித்தவர், கோலம் இட்டவர் ஆகியோரை விழா மேடையில் பெயர் சொல்லி அழைக்கலாம். நம் வீட்டுப் பிள்ளையிடம் மதிப்பெண்ணில் வெளிப்படாத திறம் ஒன்று இருக்குமாயின், அதனைப் பிறர் காணும்வரை காத்திராமல் நாம் முதலில் காணலாம்.

நாம் மீண்டும் கள்ளக்குறிச்சி சென்றோம். அம்முதியவர் அங்கு இல்லை. பட்டறை இருந்த இடத்தில் வேறொரு கடை இருந்தது. அக்கம்பக்கத்தில் கேட்டதில் இருவர் இரு வேறு பெயர்களைக் கூறினர். எது அவருடையது என்று உறுதி செய்ய இயலவில்லை. மாடத்தின் முகப்பில் அத்தாமரை இன்றும் இருக்கிறது. அன்றாட வழிபாட்டின்போது அதன்மேல் நம் பார்வை விழாத நாள் இல்லை. குறைத்து வாங்கிய தொகையை இன்று யாரிடம் கொடுப்பது? கேட்காமல் விட்ட பெயரை யாரிடம் கேட்பது? பிரதிக்கிரமணத்தில் நாம் வருந்திக் கழிக்கும் குற்றங்களின் வரிசையில் இதனையும் சேர்த்துக்கொண்டோம்.

வாசகர்க்கு அந்நிலை வாராதிருக்கட்டும். குணம் காணும் கண்ணையும், கண்டதைச் சொல்லும் நாவையும், அதில் உவக்கும் நெஞ்சையும் அருகப்பெருமான் திருவருள் நினைவால் நாம் பயில்வோமாக.

வளர்க ஜினதருமம்!